ஐந்தாவது கூண்டு

அத்தான் மூக்கிரட்டைக் கஷாயம் குடிக்க ஆரம்பித்தது என் வாயால்தான். இதற்காக யாரும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. அக்காகூடச் சொன்னதில்லை. இருந்தாலும் இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு மனம் வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் வீடு ராஜபாளையத்தில். நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியலில் எம்.ஃபில். செய்துகொண்டிருந்தேன். காலையில் பஸ்ஸில் போய், சாயங்காலம் பஸ்ஸில் திரும்புவேன். அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். எங்களுக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்தாள். பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனியில் வேலை. அத்தான் வத்திராயிருப்புக்காரர். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். ரத்த அழுத்தம் கூடி, சிறுநீரில் புரதம் போகிறது என்று சொல்லி, பட்டாளத்தில் அவரை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. வீட்டுக்குள் சும்மா இருந்து பழகாத மனிதர். காலையில் எழுந்ததும் ஷேவ் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, போவதற்கு இடமில்லாமல் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பார். நானும் அப்படித்தான், ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாதவள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் அக்கா, "ஒருத்தராவது உக்காருங்க, தலை சுத்துது" என்பாள்.

என் ஆய்வு இதுதான். ஆஸ்பத்திரியில் போடுகிற ஒரு கிருமிக்கொல்லி ஊசி, அளவுக்கு மேல் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெள்ளெலிகளுக்கு அந்த ஊசியைத் தினமும் போட்டு, கூடவே மூக்கிரட்டைச் சாற்றைக் கொடுத்தால் சிறுநீரகம் தப்பிக்குமா என்று பார்க்க வேண்டும். எனக்கு வழிகாட்டியாக இருந்த மேடம் மருதம்பட்டைச் சாற்றை வைத்து எலிகளின் இதயத்தில் இதே மாதிரி ஒரு வேலை செய்திருந்தார். அவர் மேஜைக்கு அடியில் எப்போதும் பட்டைக் கட்டு ஒன்று கிடக்கும். "நான் இதயத்தைப் பாத்தாச்சு, நீ சிறுநீரகத்தைப் பாரு" என்று எனக்கு இதைக் கொடுத்தார்.

மூக்கிரட்டைக்கு நான் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. வன்னியம்பட்டிக் காட்டு வரப்புகளில் தரையோடு படர்ந்து கிடந்தது. வேரோடு பிடுங்கி, கழுவி, நிழலில் காயப்போட்டு, இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, வற்றவைத்தால் கடைசியில் கருப்பட்டிப் பாகு மாதிரி கொஞ்சம் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்து, நுனியில் சின்ன உருண்டை உள்ள வளைந்த ஊசியால் எலியின் வாய் வழியே உள்ளே விடுவேன். முதல் வாரம் ஒவ்வொரு எலிக்கும் இரண்டு மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டதே என்று கொஞ்ச நாள் சங்கடப்பட்டேன். அதுவும் பழகிவிட்டது.

நான்கு கூண்டுகள். முதல் கூண்டு எலிகளுக்கு எதுவும் இல்லை. இரண்டாவதற்கு ஊசி மட்டும். மூன்றாவதற்குச் சாறு மட்டும். நான்காவதற்குச் சாறும் ஊசியும். ஒவ்வொரு எலியையும் அடையாளம் தெரிந்துகொள்ள மஞ்சள் பிக்ரிக் அமிலத்தால் தலையில், முதுகில், வாலில் என்று ஒரு பொட்டு வைப்போம். சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் கூடுகிற கிரியாட்டினினைப் பார்க்கவும் அதே அமிலம்தான். அதனால் என் விரல்கள் மஞ்சள் பூசினது மாதிரியே இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் விரலைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

முடிவு வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மத்தியானம் கரண்ட் போய்விட்டது. நிறமானி மெஷின் இல்லாமல் எதையும் அளக்க முடியாது. நான் வராந்தாவில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தேன். கரண்ட் வந்ததும் ஒவ்வொரு குழாயாக வைத்துப் பார்த்தேன். இரண்டாவது கூண்டு எலிகளின் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறிக் கிடந்தது. நான்காவது கூண்டு கிட்டத்தட்ட முதல் கூண்டு மாதிரியே இருந்தது. நம்பாமல் மறுபடி செய்தேன். மேடம் வந்து நோட்டைப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். அவர் அதற்கு மேல் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் உப்பில்லாத சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கணுக்காலில் வீக்கம் வந்திருந்த சமயம். அக்கா எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். நான் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன்.

"அக்கா, ஜெயிச்சாச்சு. மூக்கிரட்டை குடுத்த எலிக்கெல்லாம் கிட்னி நல்லா இருக்கு."

அக்கா குழம்புக் கரண்டியோடு நின்றாள். "மூக்கிரட்டைன்னா, ஓடைப் பக்கம் கிடக்குமே, அதா?"

"அதேதான்."

"எம்புட்டு குடுத்த?"

"எலி எடைக்குத் தக்கன."

அத்தான் என்னை நிமிர்ந்து பார்த்து, "எலி கொடுத்து வச்சதுதான்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒரு விஷயத்தை நான் அன்று சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை. நான்காவது கூண்டு எலிகளுக்கு ஊசி போடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே சாறு போய்க்கொண்டிருந்தது. நல்ல சிறுநீரகம் கெடாமல் காப்பதுதான் நான் செய்து பார்த்தது. கெட்டுப்போனதைச் சரியாக்குவது வேறு வேலை. அதை நான் செய்து பார்க்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் அக்கா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள். கம்பெனிக்குப் போகிற வழி அதுவல்ல. கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், கழுவித் துடைத்தது.

"ஏட்டி, உங்க லேபுல செஞ்சு வச்சிருப்பியே, அதுல கொஞ்சம் இதுல ஊத்திட்டு வாரியா?"

"அது எலிக்குச் செஞ்சதுக்கா. மனுசனுக்குக் குடுக்க முடியாது."

"செடி ஒண்ணுதான?"

"செடி ஒண்ணுதான். ஆனா அத்தானுக்கு வேற மாதிரி. டாக்டர்ட்ட கேக்காம..."

"மதுரை டாக்டர் மாத்திரை எழுதுதாரு, மறுமாசம் வான்னு சொல்லுதாரு. வீக்கம் ஏறிக்கிட்டே இருக்கு. நீ படிச்ச படிப்புல இது ஒண்ணாவது எங்களுக்கு ஆகும்னு பாத்தேன்."

"பொறவு சொல்றேன்க்கா, பஸ் வந்துட்டு."

பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அக்கா பாட்டிலை முந்தானையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த ஐந்து நிமிடத்தில் நான் அவளிடம், "நாங்க முன்னாடியே குடுத்துட்டோம், அதனாலதான் அதுக பொழச்சுது" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். பஸ் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா என்னை எதிர்பார்க்கவில்லை. கம்பெனியில் கூட வேலை பார்க்கிற ஒருத்தியிடம் சொல்லி, ஓடைப் பக்கமிருந்து செடியை வரவழைத்து, தானே கொதிக்கவைத்து, காலையும் மாலையும் ஒரு டம்ளர் அத்தானுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். எனக்குத் தெரிந்தபோது பத்து நாள் ஆகியிருந்தது. அவள் வீட்டு அடுப்படியில் கால் வைத்ததும் அந்த வாடையை மூக்கு கண்டுகொண்டது. லேபில் தினமும் முகர்கிற வாடை.

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா, "இந்தா பாரு" என்று அத்தானைக் காலைக் காட்டச் சொன்னாள். அவர் வேட்டியைத் தூக்கிக் காட்டினார். கணுக்கால் எலும்பு தெரிந்தது. வீக்கம் வற்றியிருந்தது. "ஒண்ணுக்கு நல்லா போகுது. மூச்சு வாங்கல. நேத்து ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடந்துட்டு வந்தேன்" என்றார். அவர் முகத்தில் பழைய மிடுக்கு இருந்தது. வத்திராயிருப்பிலிருந்து அவருடைய அண்ணன் இளநீர்க் குலை கொண்டுவந்து போட்டிருந்தார். உடம்புச் சூட்டுக்கு நல்லது என்று அதையும் அத்தான் குடித்துக்கொண்டிருந்தார்.

"மதுரை டாக்டர்ட்ட சொன்னியாக்கா?"

"சொன்னா ஏசுவாரு. ஒனக்கே இது பிடிக்கல. அவரு கேப்பாரா?"

மூக்கிரட்டை நீரைப் பிரிக்கும். அது ஊரறிந்த விஷயம். நீர் இறங்கினால் வீக்கம் வற்றும். வீக்கம் வற்றியது என்றால் சிறுநீரகம் தேறிவிட்டது என்று அர்த்தமில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கணுக்காலைப் பார்த்ததும் எனக்கும் ஒரு ஆசை வந்துவிட்டது. ஒருவேளை வேலை செய்கிறதோ? நான் வேண்டாம் என்று நிறுத்தி, அதனால் அவர் மோசமானால்? நிறுத்து என்று சொல்லவும் முடியவில்லை, கொடு என்று சொல்லவும் முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி எலிகளிடம் கேட்பது.

மறுநாள் மேடத்திடம் போனேன்.

"இன்னொரு கூண்டு வைக்கணும் மேடம். முதல்ல ஊசி போட்டுக் கெடுத்துட்டு, அதுக்குப் பெறகு சாறு குடுத்துப் பாக்கணும்."

"ப்ரபோசல்ல அது இல்லையேம்மா. நீ தீசிஸ் எழுத ஆரம்பிக்க வேண்டிய நேரம் இது."

"எழுதிக்கிட்டே செய்யுறேன். எலி நான் வாங்கிக்கிறேன்."

"எத்தனை எலி?"

"ஆறு. மூணுக்குச் சாறு, மூணுக்குத் தண்ணி."

"மூணை வச்சு யாருக்கு என்ன சொல்ல முடியும்?" என்றவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல மேடம்" என்றேன்.

அவர் நம்பினாரோ இல்லையோ, சரி என்று தலையாட்டினார்.

எலிகளை மதுரையிலிருந்து கொண்டுவர வேண்டும். கம்பிக் கூண்டைப் பழைய புடவைத் துணியால் மூடி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கல்லுப்பட்டி தாண்டும்போது துணி விலகி ஒரு மூக்கு வெளியே எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து முன்சீட்டுக்குப் போய்விட்டார். கண்டக்டர் வந்து குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது?"

"எலி. காலேஜுக்கு."

"ஊர்ல இருக்கிற எலி பத்தாதுன்னு மதுரையிலிருந்து கொண்டு போறீகளா?" என்று சொல்லிவிட்டு, கடைசி சீட்டுக்குப் போகச் சொன்னார்.

எலிகள் புது இடம் பழக ஒரு வாரம். ஊசி பத்து நாள். பிறகு இரண்டு வாரம் சாறு. இதைச் சுருக்க வழியில்லை. அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிளம்பிப் போய் எலிக்கூடத்தின் முன்னால் நிற்பேன். எழுத உட்கார்ந்தால் பத்து வரியில் எழுந்துவிடுவேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை எடை பார்த்தேன். ஒரு தடவை போதும் என்று தெரிந்தே பார்த்தேன். சாயங்காலம் ராஜபாளையம் வந்து இறங்கியதும் அக்கா வீட்டுக்குப் போய் அத்தான் காலைப் பார்ப்பேன். காலையில் எலியின் மூக்கு, காது, நடை. மாலையில் அத்தானின் கால், முகம், நடை. ஒரு நாள் அவர், "என்ன பாப்பா, என்னையும் உன் நோட்டுல எழுதிட்டியா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குக் காது சுட்டது. உண்மையில் எழுதியிருந்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, வீக்கம் இல்லை, நடந்தார், பசி பரவாயில்லை என்று.

ஊசி பத்து நாள் முடிந்தது. ஆறு எலிகளும் மயிர் சிலிர்த்து, மூலையில் ஒடுங்கிவிட்டன. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்பதை ரத்தமும் சொன்னது. தலையிலும் முதுகிலும் வாலிலும் மஞ்சள் பொட்டு வைத்த மூன்றுக்கும் சாறு கொடுக்கத் தொடங்கினேன். பொட்டு இல்லாத மூன்றுக்கும் காதில் சின்ன வெட்டு வைத்து, வெறும் தண்ணீர் கொடுத்தேன்.

சாறு கொடுக்கத் தொடங்கிய ஆறாம் நாள், காலை பதினொரு மணி இருக்கும். கல்லூரி ஆபீசுக்குப் போன் வந்தது. எங்கள் அப்பா பேசினார். "மாப்பிள்ளைக்கு முடியல. மதுரைக்குக் கொண்டு போறோம். நீ நேரா அங்க வந்திரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அத்தானை உள்ளே வைத்திருந்தார்கள். காலையில் எழுந்து செருப்பு மாட்டப் போனவருக்குக் கால் தூக்க வரவில்லையாம். கை கால் துணி மாதிரி தொய்ந்துவிட்டதாம். நாடி மெல்ல மெல்ல இறங்கியதாம். அக்கா வேலைக்குப் போன சேலையோடு நின்றுகொண்டிருந்தாள். தலையில் பேண்டேஜ் துணியின் பஞ்சு ஒட்டியிருந்தது. டாக்டர் வெளியே வந்தார். நடுவயதுக்காரர், களைத்த முகம்.

"இளநீர், நாட்டு மருந்து, ஏதாவது குடுத்தீங்களா?" என்று அக்காவிடம் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள்.

"மூக்கிரட்டைக் கஷாயம் சார். ஒரு மாசத்துக்கு மேல" என்றேன்.

"இளநியும்" என்றாள் அக்கா, தரையைப் பார்த்து.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "கிட்னி வெளிய தள்ள வேண்டிய பொட்டாசியம் ரத்தத்துலயே தங்கிடுச்சு. அது கூடினா ஹார்ட் நின்னுரும். இப்ப மருந்து போட்டிருக்கோம். டயாலிசிஸ் பண்ணணும்" என்றார்.

"எதுனால சார் கூடுச்சு? இளநியா, செடியா?"

"இளநியா இருக்கலாம். செடியா இருக்கலாம். நோயே முத்தியிருக்கலாம். மூணும் சேர்ந்து இருக்கலாம். இப்ப யாரு அதைப் பிரிச்சுச் சொல்ல முடியும்?" கிளம்பப் போனவர் திரும்பி, என் மஞ்சள் விரல்களைப் பார்த்தார். "நீங்க என்ன பண்றீங்க?"

"படிக்கிறேன் சார். விலங்கியல்."

என்ன ஆய்வு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அத்தான் பிழைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் கண் திறந்து, தேய்த்த சட்டை எங்கே என்று கேட்டார். அக்கா அழுதாள். மூன்றாம் நாள் விடிந்ததும் நான் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு நிலைமையில் விட்டுவிட்டு எலிகளைப் பார்க்கப் போகிறாளே என்று அம்மா நினைத்திருப்பாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எனக்குப் பதில் சொல்ல வேண்டியவை அந்தக் கூண்டில்தான் இருந்தன.

நான் இல்லாத இரண்டு நாளும் மேடமே அவற்றுக்குச் சாறும் தண்ணீரும் கொடுத்திருந்தார். நோட்டில் அவர் கையெழுத்தில் எடை குறித்திருந்தது. கடைசிப் பக்கத்தையும் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஆஸ்பத்திரியில எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஒன்பதாம் நாள் வாலில் பொட்டு வைத்த எலி செத்துக் கிடந்தது. சாறு குடித்த எலி. மற்ற ஐந்தும் தேறிக்கொண்டு வந்தன. இரண்டு வாரம் முடிந்ததும் ஈதர் ஜாடியில் ஒவ்வொன்றாக மயக்கி, ரத்தம் எடுத்து, சிறுநீரகத்தை எடுத்து வைத்தேன்.

முடிவு இதுதான். சாறு குடித்தவையும் தண்ணீர் குடித்தவையும் ஒரே மாதிரிதான் தேறியிருந்தன. ஊசியை நிறுத்திவிட்டால் எலியின் சிறுநீரகம் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. சாறு அதில் ஒன்றும் கூட்டவில்லை. குறைத்ததா என்றால், செத்த ஒன்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆக, எதைக் கேட்க அந்தக் கூண்டை வைத்தேனோ அதற்கு அதில் பதிலே இல்லை. அத்தானின் சிறுநீரகத்தைக் கெடுத்தது பத்து நாள் ஊசி இல்லை. நிறுத்தினால் தேறுவதற்கு அங்கே எதுவும் இல்லை. இதை எலிகளைக் கேட்காமலேயே யோசித்திருக்கலாம். நான் பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் அவர் காலையும் மாலையும் குடித்துக்கொண்டிருந்தார்.

தீசிஸ் எழுதும்போது மேடம், "அந்த அஞ்சாவது கூண்டை விட்டுரும்மா. எண்ணிக்கை பத்தாது, வைவாவுல கேட்டா உனக்குத்தான் கஷ்டம்" என்றார். அவர் சொன்னது சரிதான். நான் முதல் தடவையாக அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு பத்தி எழுதினேன். முன்கூட்டிக் கொடுத்தபோதுதான் பலன் தெரிந்தது, கெட்ட பிறகு கொடுத்ததில் வித்தியாசம் தெரியவில்லை, எண்ணிக்கை போதாது, ஆகவே நோயாளிகளுக்கு இதிலிருந்து எதையும் எடுத்துச் சொல்லக் கூடாது என்று. அந்தக் கடைசி வரியை மேடம் சிவப்பு மையால் அடித்தார். நான் திரும்ப எழுதினேன். இரண்டாம் தடவை விட்டுவிட்டார்.

வைவாவுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். நாலு கூண்டைப் பற்றி இரண்டு கேள்வி. பிறகு அந்தப் பத்தியில் விரலை வைத்து, "இது எதுக்கு?" என்றார்.

"நாலாவது கூண்டைப் படிச்சிட்டு யாரும் செடியைப் பிடுங்கிக் கொதிக்க வைக்கக் கூடாதுன்னு, சார்."

"எம்.ஃபில். தீசிஸைப் படிச்சிட்டு யாரும் கஷாயம் வைக்கப் போறதில்ல" என்று சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

பட்டம் கிடைத்தது. பி.எச்டி.க்கு இடம் இருக்கிறது, இதயமும் சிறுநீரகமும் சேர்த்துச் செய்யலாம் என்று மேடம் கூப்பிட்டார். நான் போகவில்லை. ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சரானேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு, எலி வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

அத்தான் அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தார். வாரத்துக்கு இரண்டு நாள் அக்காவும் அவரும் விடிகாலையில் பஸ் ஏறி மதுரைக்கு டயாலிசிசுக்குப் போய்விட்டு, சாயங்காலம் திரும்புவார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அக்காவுக்குப் பதில் நான் போவேன். பஸ்ஸில் அத்தான் என்னிடம் பட்டாளத்துக் கதைகள் சொல்லுவார். பாலைவனத்தில் லாரி டயர் புதைந்தால் எப்படி எடுப்பது, எஞ்சின் சூட்டில் எப்படி டீ போடுவது. கஷாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருமுறை மட்டும், திருமங்கலத்தில் இளநீர்க்காரன் ஜன்னலோரம் வந்து கூவியபோது, "இதை எனக்குக் காட்டாத, ஓடிரு" என்று அவனிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக் கண் சிமிட்டினார். ஒரு பங்குனி மத்தியானம், வீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் போய்விட்டது.

அக்கா பேண்டேஜ் கம்பெனிக்கே திரும்பப் போனாள். பிறகு அங்கேயே மேற்பார்வைக்காரி ஆனாள். நாங்கள் முன்பு போலவே பேசினோம், ஒருவருக்கொருவர் குழம்பு கொடுத்துக்கொண்டோம். ஆனால் அவள் வீட்டில் இருக்கும்போது எனக்கு எழுந்து எழுந்து வெளியே போக வேண்டும் போல இருக்கும்.

நாலைந்து வருடம் கழித்து, ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தோம். வெயில் நேரம். அக்கா திடீரென்று கேட்டாள்.

"அவிய ஆஸ்பத்திரியில கிடக்கையில நீ எலியப் பாக்க ஓடினியே. அது என்ன எலி?"

சொன்னேன். ஐந்தாவது கூண்டு எதற்கு வைத்தேன், யாருக்காக வைத்தேன், என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை, எல்லாம். நாலாவது கூண்டுக்கு முன்னாடியே கொடுத்திருந்தோம் என்பதையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"முன்னாடியே குடுத்ததுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லியிருந்தா நீ கேட்டிருப்பியா?"

அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டிருக்க மாட்டேன். எனக்கு அப்ப எதையாவது செய்யணும். சும்மா இருக்க முடியல." பிறகு, "ஆனாலும் நீ சொல்லியிருக்கணும். நான் கேக்காமப் போனது என் பாடு" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன்.

பஸ் வந்தது. கூட்டம். ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அக்கா உட்கார்ந்துகொண்டு, கேட்காமலே என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் ராஜபாளையம் வரை அவள் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன்.